அறிக்கை வெளியிட்ட பிறகு 31 பேர் விலகிவிட்டார்கள். அறிக்கைதான் காரணமா?

ஏழுபேர் நிறுவனம் எழுதியது:

நானும் என் கூட்டாளியும் ஐந்து ஊழியர்களும் சேர்ந்து ஒரு சிறிய மென்பொருள் சேவை நடத்துகிறோம். தனிப்பயிற்சி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கானது. மாணவர் வருகை, கட்டணக் கணக்கு, பெற்றோருக்கு ரசீது அனுப்புவது, அவ்வளவுதான். உலகத்தை மாற்றும் நோக்கமெல்லாம் கிடையாது. 412 சந்தாதாரர்கள் இருந்தார்கள். 'இருந்தார்கள்' என்று எழுத வேண்டி வந்ததால்தான் இந்தத் திரி.

எட்டு வாரங்களுக்கு முன், எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தில் என் கூட்டாளி நிறுவனத்தின் பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். எந்த விஷயம், எந்தப் பக்கம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த நாற்பது பதில்களும் அதைப் பற்றியதாகவே இருக்கும். என் கேள்வி அடியில் புதைந்துவிடும். அறிக்கையின் கருத்தில் எனக்கும் உடன்பாடுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்கு வெளியிட்டதில்தான் உடன்பாடில்லை. இணையதள முகப்பில் வைத்தார், மாதாந்திர மின்னஞ்சலில் சேர்த்தார், "இன்னும் ஓரிரண்டு இடங்களிலும் போட்டிருக்கிறேன்" என்றார். நான் அப்போது கோபத்தில் இருந்ததால் எந்தெந்த இடம் என்று துருவிக் கேட்கவில்லை.

வழக்கமாக மாதத்துக்கு எட்டு, ஒன்பது பேர் சந்தாவை நிறுத்துவார்கள். வகுப்பை மூடிவிட்டோம், வேறு வேலைக்குப் போய்விட்டேன் என்கிற மாதிரி. அறிக்கைக்குப் பிந்தைய ஐந்து வாரங்களில் 31 பேர் போய்விட்டார்கள். நிறுத்தும்போது காரணம் எழுத ஒரு சிறிய கட்டம் வைத்திருக்கிறோம். ஒன்பது பேர் அறிக்கையைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள், அதில் இரண்டு கடிதங்களை இங்கே படியெடுத்துப் போட முடியாது. எட்டுப் பேர் வேறு காரணம் சொன்னார்கள். பதினான்கு பேர் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். அதே காலத்தில் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். நால்வரும் அறிக்கையைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். கூட்டாளி அந்த நான்கு கடிதங்களையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வாரத்தில் ரசீதுப் பக்கத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றினோம். பழைய ரசீதுகளின் பட்டியல் முன்பு முதல் திரையிலேயே இருந்தது. இப்போது இரண்டு தட்டு உள்ளே போய்விட்டது. எனவே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கைதான் தள்ளியதா என்று எனக்குத் தெரியவில்லை.

என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு கடிதம். ஆறு வருடமாக எங்களிடம் இருந்தவர், 140 மாணவர்கள். மூன்றே வரி: "உங்கள் மென்பொருளில் குறையில்லை. ஆனால் இனித் தொடர முடியாது. கணக்கை மூடிவிடவும்." அரசியலும் இல்லை, ரசீதும் இல்லை.

அறிக்கையை எடுத்துவிடலாமா? மன்னிப்புக் கேட்கலாமா? இனி எதையும் பேசுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாமா? அதற்கெல்லாம் முன்னால், இவர்கள் ஏன் போனார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள்.


நேர்வழி எழுதியது:

இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? கடைக்கு வந்தவரிடம் சரக்கை மட்டும் விற்க வேண்டும். உங்கள் கருத்தை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. இன்று இரவே அறிக்கையை எடுங்கள், நாளை காலை மன்னிப்புக் கடிதம் அனுப்புங்கள். புதிதாக வந்த நான்கு பேருக்காகப் பழைய 31 பேரை விட்டது, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை.


பழைய தொலைபேசிக்குரல் எழுதியது:

மேலே சொன்னவரின் பழமொழி எனக்குப் பிடித்திருக்கிறது, யோசனை பிடிக்கவில்லை. இன்று இரவு எதையும் எடுக்காதீர்கள்.

பதினொரு வருடம் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அழைப்பவர்களைப் பேசித் தடுத்து நிறுத்தும் பிரிவு. என் முன்னால் திரையில் பதினான்கு காரணங்கள் பட்டியலாக இருக்கும். அழைப்பு முடிந்ததும் ஒன்றைச் சொடுக்க வேண்டும். ஒருமுறை எங்கள் நிறுவனமும் ஒரு பொதுச் சர்ச்சையில் மாட்டியது. பட்டியலில் பதினைந்தாவதாக 'நிறுவனத்தின் நிலைப்பாடு' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். சேர்த்த மறுநாளே அந்தக் கட்டம் நிரம்பி வழிந்தது! அத்தனை பேரும் அதற்காகத்தான் போனார்களா? இல்லை. கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்ட ஒருவருக்கு, "உங்கள் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வது எவ்வளவு கௌரவமான வாசல் என்று யோசித்துப் பாருங்கள். மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே மனம் புண்பட்டுப் போகிறவர்களில் பலர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தொலைபேசியின் மறுமுனையில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் எதற்கு வாக்குவாதம் என்று, "வேறு ஊருக்குப் போகிறேன் அம்மா" என்பார்கள்.

ஆகவே உங்கள் ஒன்பதும் ஒன்பது அல்ல, பதினான்கு வெற்றுக் கட்டமும் வெற்று அல்ல.

நான் நாளடைவில் 'ஏன்' என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "நிறுத்திவிடலாம் என்று முதன்முதலில் எப்போது தோன்றியது?" என்று கேட்பேன். ஒரு நொடி யோசிப்பார்கள். "போன மாதம் பில் வந்த அன்றைக்கு" என்பார் சர்ச்சையைப் பற்றி ஐந்து நிமிடம் முழங்கியவர். காரணத்தை ஜோடித்துக்கொண்டு வருகிறவர்கள் தேதியை ஜோடித்துக்கொண்டு வருவதில்லை.

பெரிய நிறுவனங்களின் கதைகளைப் பார்த்தால் உங்களுக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். அமெரிக்காவில் 2023 ஏப்ரலில் பட் லைட் பீர் விவகாரம் எல்லோருக்கும் தெரியும். ஒரு திருநங்கையை வைத்துச் சமூக வலைத்தளத்தில் ஒரு சிறிய விளம்பரம், அவ்வளவுதான். அது பிடிக்காதவர்கள் 'வாங்காதே' என்று கிளம்பினார்கள். அடுத்த மூன்று மாதங்களில் விற்பனை, முந்தைய ஆண்டுகளின் அதே காலத்தைவிட ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்திருந்தது என்று லியாகோனிதே, டக்மன், ஸூ என்ற மூன்று ஆய்வாளர்கள் குடும்பங்களின் கொள்முதல் தரவுகளை வைத்துக் காட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் முதலிடத்தில் இருந்த பீர், அந்த மே மாதமே மொடேலோ என்ற பீரிடம் இடத்தை இழந்தது. (வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவுக்கு வெளியே மொடேலோவும் பட் லைட்டைத் தயாரிக்கும் அதே அன்ஹைசர்-புஷ் இன்பெவ் குழுமத்தின் சொத்துதான்.)

இதே ஆய்வாளர்கள் கோயா என்ற உணவுப்பொருள் நிறுவனத்தையும் ஆராய்ந்தார்கள். 2020 ஜூலையில் அதன் தலைவர் வெள்ளை மாளிகையில் நின்று டிரம்பைப் புகழ்ந்தார். 'வாங்காதே' என்று ஒரு கூட்டம், 'வாங்கிக் குவி' என்று இன்னொரு கூட்டம். விற்பனை மொத்தத்தில் 22 சதவீதம் ஏறியது. மூன்றே வாரத்தில் அந்த ஏற்றம் கரைந்துபோனது. வாங்கிக் குவித்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை அந்தப் பொருளைத் தொடாதவர்கள். ஒரு தடவை வாங்கி, படம் எடுத்துப் போட்டு, போய்விட்டார்கள். வழக்கமாக வாங்கும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களோ வழக்கம்போல வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்று ஏன் விழுந்தது, மற்றது ஏன் விழவில்லை? ஆய்வுகளையும் என் பதினொரு வருடத்தையும் சேர்த்துக் குழைத்து நான் சொல்வது இது. பட் லைட்டுக்குப் பக்கத்திலேயே, அதே அலமாரியில், கிட்டத்தட்ட அதே விலையில், அதே சுவையில் நான்கு பீர் இருந்தன. கையை அரையடி நகர்த்தினால் போதும். அதைவிட முக்கியம், பீரை நாலு பேருக்கு நடுவில் வைத்துக் குடிக்கிறார்கள். கையில் இருக்கும் டப்பா, 'நான் இந்தப் பக்கம்' என்று அவர் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. சமையலறை அலமாரிக்குள் இருக்கும் டப்பாவை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஊபர் கதையும் அப்படித்தான். 2017 ஜனவரியில், சில முஸ்லிம் நாட்டவர் அமெரிக்காவுக்குள் வர டிரம்ப் விதித்த பயணத் தடையை எதிர்த்து நியூயார்க் விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டுநர்கள் வேலையை நிறுத்தியபோது, வேலைநிறுத்தத்தை ஊபர் முறிக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானோர் தங்கள் சேவையை விட்டுவிட்டார்கள் என்று பின்னர் 2019இல் பங்குச் சந்தைக்கு வரும்போது அந்த நிறுவனமே தன் ஆவணத்தில் எழுதிக் கொடுத்தது. தொலைபேசியில் ஊபரின் போட்டியாளரான லிஃப்ட் செயலி ஏற்கெனவே பக்கத்தில் காத்திருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களை விட்டுப் போவது அரையடிக் கை நகர்த்தல் அல்ல. 140 மாணவர்களின் பெயர், கட்டண நிலுவை எல்லாவற்றையும் இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பாட்டைப் பட்டாவது போகிறார் என்றால், ஒன்று அவர் உங்களை ஏற்கெனவே பயன்படுத்தாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது அவருக்கு உண்மையிலேயே எங்கோ சுட்டிருக்க வேண்டும். முதல் வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். போன 31 பேரும் அறிக்கைக்கு முன்பு கடைசியாக எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்று பாருங்கள். இரண்டு மாதமாக எட்டிப் பார்க்காதவர் கோபத்தில் போகவில்லை. மறந்துபோன சந்தாவை உங்கள் மின்னஞ்சல் நினைவூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது வகைக்குத் தொலைபேசியை எடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம். 'முதன்முதலில் எப்போது' என்று மட்டும் கேளுங்கள், பதிலுக்கு வாதாடாதீர்கள். உங்கள் கூட்டாளி பேசக் கூடாது.

அப்புறம் 'இன்னும் ஓரிரண்டு இடம்' என்று அவர் சொன்னாரே, அவை எவை? எனக்கு அங்கேதான் நெருடுகிறது. உங்கள் வாடிக்கையாளர்களுக்கு அப்பால் வேறு யார் கண்ணில் அது பட்டது?

அறிக்கையை இப்போது எடுக்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம், பின்வாங்கினால் இரண்டு பக்கமும் போய்விடும். பட் லைட்டில் அதுதான் நடந்தது. மக்களைப் பிரிக்கும் விவாதத்தில் இறங்குவது தங்கள் நோக்கமல்ல என்று தலைவர் ஒரு கடிதம் எழுதினார். கோபப்பட்டவர்கள் திரும்பவில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்த பால்புதுமையினர் உரிமை அமைப்பு தான் கொடுத்திருந்த நற்சான்றையும் நிறுத்திவைத்தது. அமெரிக்காவின் டார்கெட் கடைகள் 2023இல் ஒரு பக்கத்தின் கோபத்துக்குப் பயந்து, பால்புதுமையினருக்கு ஆதரவான சில சரக்குகளை அலமாரியிலிருந்து எடுத்தன. 2025 ஜனவரியில், எல்லாத் தரப்பினருக்கும் இடம் தரும் பன்மைத்துவக் கொள்கைகளைக் குறைத்து மறுபக்கத்தின் புறக்கணிப்பை வாங்கிக்கொண்டன. அந்த மே மாதம் விற்பனைச் சரிவை அறிவித்தபோது, அதற்கான காரணங்களில் ஒன்றாக ஜனவரி முடிவுக்கு வந்த எதிர்வினையையும் தலைவரே குறிப்பிட வேண்டியிருந்தது.

கடைசியாக, அந்த நான்கு பேர். கடிதத்தைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டாம். ஆனால் அவர்கள் ஒரு மாணவரையாவது பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.


பின்னோக்கி எழுதியது:

தொலைபேசிக்குரல் அம்மா சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. கொள்கைக்காகப் போகிறவர்கள் எல்லாம் ஏதோ பில் பிரச்சினையை மறைக்கிறார்கள் என்பது போல ஒரு தொனி அதில் இருக்கிறது. சில நேரங்களில் வாடிக்கையாளர் சொல்வது அப்படியே உண்மை.

பஸ்ஸில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இருக்கை என்ற விதியை எதிர்த்து, 1955 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார்கள். அந்த பஸ்களின் பயணிகளில் பெரும்பாலோர் அவர்கள்தான். மாற்று எதுவும் பக்கத்து அலமாரியில் இருக்கவில்லை. நடந்தார்கள். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் முறைவைத்து ஏற்றிச் சென்றார்கள். 381 நாள். பீரையும் பஸ்ஸையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்களுக்கு பஸ்ஸின் மேல் வெறுப்பு இல்லை. கோரிக்கை தெளிவாக இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அது நிறைவேறியதும் மறுபடி பஸ்ஸில் ஏறினார்கள். 'இதைச் செய்தால் வருவேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர் இன்னும் உங்கள் வாடிக்கையாளர்தான். உங்கள் ஒன்பது பேரில் யாராவது அப்படி எதையாவது கேட்டிருக்கிறார்களா, அல்லது வெறுமனே வைதுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பிரித்துப் பாருங்கள். வசவுக்குப் பதில் தேவையில்லை, கோரிக்கைக்குத் தேவை.

இன்னொரு வகை நட்டம் இருக்கிறது. அது ரத்துக் கணக்கில் வராது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தியதற்காக பிரிட்டனில் பார்க்லேஸ் வங்கியை மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் புறக்கணித்தார்கள். ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த நடுத்தர வயதுக்காரர்கள் வங்கியை மாற்றவில்லை. யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது? கல்லூரிக்கு வந்து முதல் கணக்கைத் திறக்கும் பிள்ளைகள்தான் எதிர் வங்கிக்குப் போனார்கள். முதல் கணக்கு திறந்த வங்கியிலேயே பலர் ஆயுள் முழுக்க இருந்துவிடுவார்கள் என்பது வங்கிக்காரர்களுக்குத் தெரியும். 1986இல் பார்க்லேஸ் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'போனவர்கள் எத்தனை' என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் 'வராதவர்கள் எத்தனை' என்பது கண்ணில் படாது.

நேர்வழி நண்பருக்கு ஒரு வார்த்தை. நட்டம் வரும் என்று தெரிந்தே முடிவெடுத்தவர்களும் உண்டு. 2018இல் அமெரிக்காவின் பார்க்லாண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, டிக்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைத்தொடரின் தலைவர் எட் ஸ்டாக் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளின் விற்பனையை நிறுத்தினார். அதனால் ஏறக்குறைய 25 கோடி டாலர் விற்பனை போனது என்று பிற்பாடு அவரே சொன்னார். சரியோ தவறோ, அந்த மனிதர் தன் கடையில் தான் விற்கும் பொருளைப் பற்றி முடிவெடுத்தார். இரவு பதினொரு மணிக்குக் கூட்டாளிக்குத் தெரியாமல் எடுக்கவில்லை.


விலகியவன் எழுதியது:

மறுபக்கத்திலிருந்து ஒருவன். நானும் ஒரு சேவையை இப்படி ஒரு காரணத்துக்காக விட்டவன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அவர்கள் வெளியிட்டதைப் படித்த அன்று இரத்தம் கொதித்தது. அன்று இரவே மாற்றுச் சேவைகளைத் தேடினேன். ஒரு தாளில் கோடு போட்டு நான்கை ஒப்பிட்டு எழுதினேன். மறுநாள் வேலை வந்துவிட்டது. ஒரு வாரத்தில் கோபம் தணிந்தது. மூன்றாவது வாரத்தில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதே பாதி மறந்துவிட்டது. ஆனால் அந்தத் தாள் மேசையிலேயே இருந்தது. ஒருநாள் அதை எடுத்துப் பார்த்தபோதுதான், மூன்றாவது வரிசையில் இருந்த சேவை எனக்கு இன்னும் பொருத்தமாக இருப்பது கண்ணில் பட்டது. இரண்டு மாதம் கழித்து மாறினேன். காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது? ஒன்றும் எழுதவில்லை.

அவர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் அந்தத் தாளில் கோடே போட்டிருக்க மாட்டேன். இன்று வரை அங்கேயே இருந்திருப்பேன், பெரிய திருப்தி இல்லாமலே. திரும்பிப் போவேனா என்றால் மாட்டேன். கோபத்தால் அல்ல. இங்கே பழகிவிட்டது.


ஏழுபேர் நிறுவனம் எழுதியது:

பதினாறு நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கையில் இல்லாமல் வரக் கூடாது என்று இருந்தேன்.

தொலைபேசிக்குரல் சொன்னபடி முதலில் உள்நுழைவுத் தேதிகளைப் பார்த்தேன். அரசியல் காரணம் எழுதிய ஒன்பது பேரில் ஐந்து பேர் அறிக்கைக்கு முன் இரண்டு மாதமாக உள்ளேயே வரவில்லை. மிக நீளமாக, மிகக் காரமாக எழுதியவர் கடைசியாக நுழைந்தது ஏழு மாதத்துக்கு முன்பு. மீதி நால்வர் மெய்யாகவே கருத்துக்காகப் போனவர்கள். அவர்கள் யாரும் எதையும் கேட்கவில்லை. எனவே விட்டுவிட்டேன்.

புதிதாக வந்த நால்வரில் இரண்டு பேர் இன்னும் ஒரு மாணவரைக்கூடச் சேர்க்கவில்லை. ஒருவர் ஆசிரியரே இல்லை என்று நினைக்கிறேன்.

கட்டத்தை வெறுமையாக விட்ட பதினான்கு பேர்தான் எங்களை அடித்துப்போட்டார்கள். அவர்களில் பதினொரு பேர் போவதற்கு முன் எங்கள் உதவி முகவரிக்குக் குறைந்தது ஒரு தடவை எழுதியிருக்கிறார்கள். ரசீதுப் பட்டியல் எங்கே போயிற்று என்று சிலர். வழக்கமாக அன்றைக்கே பதில் போய்விடும். அந்த வாரங்களில் நான்கு நாள், ஐந்து நாள், சிலருக்குப் பதிலே போகவில்லை. உதவி மின்னஞ்சல்களைப் பார்ப்பது என் கூட்டாளியின் வேலை. அவர் அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தேடிப் பார்த்தேன். அறிக்கையின் கீழே வந்த கருத்துகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். 263 பதில்கள். எண்ணினேன். சில பதில்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. உதவி முகவரியில் 57 கடிதங்கள் திறக்கப்படாமல் கிடந்தன.

அந்தப் பதினொரு கடிதங்களில் ஆறு, ரசீதுப் பட்டியலைப் பற்றியவை அல்ல. 'ரசீதின் அடியில் இருக்கும் வரியை எப்படி எடுப்பது?' என்று கேட்டிருந்தன. எனக்கு முதலில் புரியவில்லை. என் கணக்கிலிருந்து ஒரு மாதிரி ரசீதை எனக்கே அனுப்பிப் பார்த்தேன். மாணவர் பெயர், மாதம், தொகை, ஆசிரியரின் பெயர், அவருடைய கையெழுத்துப் படம். அதற்குக் கீழே, அறிக்கையின் முதல் வாக்கியம், 'மேலும் படிக்க' என்ற இணைப்புடன். எங்கள் நிறுவனத்தின் பெயர் அதில் இல்லவே இல்லை. இதுதான் அந்த 'ஓரிரண்டு இடம்'. அந்த ஐந்து வாரங்களில் 11,000க்கு மேற்பட்ட ரசீதுகள் இப்படிப் பெற்றோர் கைக்குப் போயிருக்கின்றன, 412 ஆசிரியர்களின் கையெழுத்தோடு.

அன்று மாலை ஆறு வருட வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். 'முதன்முதலில் எப்போது தோன்றியது' என்று கேட்டேன். "வியாழக்கிழமை காலை ஏழே கால் மணி" என்றார். நிமிடம் வரை நினைவிருக்கிறது அவருக்கு. ஒரு மாணவியின் தந்தை அழைத்து, "நீங்கள் அந்தக் கட்சியா சார்? முன்பே தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன்" என்று கேட்டாராம். மதியத்துக்குள் இன்னும் மூன்று பேர். இரண்டு பிள்ளைகள் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். அவர் உதவி முகவரிக்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறார். "உங்கள் கருத்து என்ன என்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை அம்மா. சொல்லப்போனால் எனக்கும் அதே கருத்துதான். அதை என் கையெழுத்துக்கு அடியில் ஏன் போட்டீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. திரும்பி வருவீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். 140 பேரையும் புதிய இடத்தில் பேரனை உட்காரவைத்துத் தட்டச்சு செய்து முடித்தாயிற்றாம். இன்னொரு முறை செய்யச் சொன்னால் பேரன் வீட்டுக்கே வர மாட்டான் என்றார்.

ரசீதிலிருந்து அந்த வரியை அன்று இரவே எடுத்துவிட்டோம். இணையதளத்தில் அறிக்கை அப்படியே இருக்கிறது. மீதமுள்ள எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினோம்: ரசீது உங்களுடையது, அதில் எங்கள் வாக்கியத்தை உங்களைக் கேட்காமல் சேர்த்தது தவறு, இனி நடக்காது. கருத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கூட்டாளி எழுதினார், நான் பாதியாக வெட்டினேன்.

அறுபது பேர் பதில் எழுதினார்கள். பெரும்பாலோர் நன்றி என்று ஒரு சொல். பன்னிரண்டு பேர், அப்படி ஒரு வரி இருந்ததையே இப்போதுதான் கவனித்ததாக எழுதினார்கள். அதில் ஒருவர் உடனே கணக்கை மூடிவிட்டார்.


பழைய தொலைபேசிக்குரல் எழுதியது:

அந்த ஆறு பேரில் மீதி ஐந்து பேரையும் அழைத்தீர்களா?


ஏழுபேர் நிறுவனம் எழுதியது:

மூன்று பேர் எடுத்தார்கள். ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். பழைய ரசீதுப் பட்டியலை முதல் திரைக்கே கொண்டுவந்தால்தான் இருப்பேன் என்றார், கொண்டுவந்துவிட்டோம். கூட்டாளி இப்போது காலையில் முதல் வேலையாக உதவி முகவரியைத் திறக்கிறார். சுவரில் நான்கு கடிதங்களும் இன்னும் இருக்கின்றன.